ஏழு பேர் ஏறியாச்சு, பெட்டியை எங்க வெக்கிறது?

(இது எங்க எபிசோடோட எழுத்து வடிவம். பேசினதை படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம், பேச்சு வழக்கை மட்டும் அப்படியே விட்டிருக்கோம்.)

போன தடவை செகண்ட் ஹேண்ட் பைக் பத்தி பேசினப்போ நிறைய பேர் ஒரே மாதிரி கேள்வி அனுப்பியிருந்தீங்க. "வீட்ல ஆறு ஏழு பேர் இருக்கோம், 12 லட்சத்துக்குள்ள ஏழு சீட் கார் எது வாங்கலாம்?" இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல தயாரா இருக்கேன், ஏன்னா போன வருஷம் எங்க வீட்ல இதுக்காக மூணு மாசம் சண்டை நடந்துச்சு.

எங்க வீட்டு கணக்கு இது. அப்பா, அம்மா, அக்கா, மாமா, அக்காவோட ஏழு வயசு பொண்ணு, ரெண்டு வயசு பையன், அப்புறம் நான். சரியா ஏழு. எல்லாரும் மடிப்பாக்கத்துல ஒரே வீட்ல, மேல கீழன்னு இருக்கோம். அம்மாவுக்கு ஒரு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, இன்னொண்ணும் வலிக்குது. குலதெய்வம் கோயில் கும்பகோணம் பக்கம். பழைய அஞ்சு சீட் ஹேட்ச்பேக்ல ஆறு பேர் அடைச்சுக்கிட்டு, பாக்கி ஒருத்தர் பஸ்ல வருவார். அந்த ஒருத்தர் எப்பவும் நான்தான்.

மாமா ஒரு நாள் வந்து "ஏழு சீட் வண்டி பாத்துட்டேன், அட்வான்ஸ் கட்டிடலாம்"னார். நான்தான் குறுக்க புகுந்து, "ஏழு பேரும் சேர்ந்து வருஷத்துல எத்தனை நாள் போறோம்?"னு கேட்டேன். யாருக்கும் தெரியல. அப்பா "அடிக்கடி"ன்னார். அக்கா "எப்பயாவது"ன்னா. அதனால ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டினோம். யார் எங்க போனாலும், எத்தனை பேர், பெட்டி இருந்துச்சா இல்லையான்னு ஒரு கோடு போடணும். ரெண்டு மாசம்.

ரெண்டு மாசம் முடிஞ்சு பாத்தா, ஏழு பேரும் சேர்ந்து போனது நாலே தடவை. அதுல மூணு உள்ளூர் கல்யாணம், மண்டபம் வரைக்கும். ஆனா அஞ்சு பேருக்கு மேல, அதாவது ஆறு பேர் போனது 14 தடவை. நாங்க யாரும் இதை எதிர்பார்க்கல. எங்களுக்கு தேவைப்பட்டது ஏழு சீட் வண்டி இல்ல. ஆறு பேரும் கொஞ்சம் சாமானும் போற வண்டி. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா ஷோரூம்ல போய் நின்னா ரெண்டுக்கும் வேற வேற பதில் வருது.

டிக்கியை திறந்து பாருங்க

நம்ம பட்ஜெட்ல வர்ற ஏழு சீட் கார் எல்லாத்துக்கும் ஒரு பொது குணம் இருக்கு. மூணு வரிசையும் நிமிர்ந்து இருக்கும்போது பின்னாடி டிக்கின்னு ஒண்ணு கிட்டத்தட்ட இருக்காது. ரெனோ டிரைபர்ல அது 84 லிட்டர். ரெண்டு ஸ்கூல் பை, ஒரு டிஃபன் கேரியர், அவ்வளவுதான். மாருதி எர்டிகால 209 லிட்டர், கியா காரன்ஸ்ல 216. இதுல ரெண்டு ட்ராலி பெட்டியை செங்குத்தா நிறுத்தி, மேல ஒரு பையை சொருகலாம். ஒப்பிட்டுப் பாக்கணும்னா, இதைவிட ரெண்டு மடங்கு விலை சொல்ற இன்னோவா ஹைகிராஸ்லயே 300 லிட்டர்தான்.

ஆக, ஏழு பேரும் மூணு நாள் கும்பகோணத்துக்கு போனா, ஏழு பேரோட துணிமணி, பையனோட டயப்பர் பாக்கெட், கோயிலுக்கு பித்தளை குடம், இதெல்லாம் எங்க போகும்? மடியிலயும் கால் கிட்டயும்தான். இல்லன்னா மேல கேரியர். விளம்பரத்துல ஏழு பேர் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, அவங்க பெட்டி எந்த ஃப்ரேம்லயும் இருக்காது, கவனிச்சிருக்கீங்களா?

ஆனா எர்டிகாலயும் காரன்ஸ்லயும் மூணாவது வரிசை 50:50ஆ மடங்கும். ஒரு பாதியை மடிச்சுட்டு இன்னொரு பாதியில எங்க பொண்ணை உக்கார வெச்சா, ஆறு பேரும் போகலாம், நாலு பெட்டியும் போகும். இந்த வண்டிகளை உருப்படியா ஓட்டுற விதம் இதுதான்னு நான் நினைக்கிறேன். டிரைபர்ல மூணாவது வரிசை சீட்டுகளை கழட்டியே எடுத்துடலாம், எடுத்தா 625 லிட்டர் இடம். நல்ல யோசனைதான். ஆனா கழட்டின சீட்டை அபார்ட்மெண்ட்ல எங்க வெப்பீங்கன்னு யோசிச்சுக்கோங்க. என் நண்பன் வீட்ல அது பால்கனியில துணி காயப்போடற ஸ்டாண்டுக்கு கீழ இருக்கு.

விலை ஏன் இப்படி தாவுது?

டிரைபர் ஆரம்ப விலை ஆறு லட்சத்துக்கும் கீழ, எர்டிகா ஒம்பது லட்சத்தை ஒட்டி, காரன்ஸ் கிட்டத்தட்ட 11 லட்சம். எல்லாம் எக்ஸ்-ஷோரூம். இந்த இடைவெளிக்கு வண்டியோட தரம் மட்டும் காரணமில்ல, வரியும் ஒரு காரணம்.

2006 பட்ஜெட்லேர்ந்தே நம்ம நாட்ல நாலு மீட்டருக்கு குறைவான, சின்ன எஞ்சின் வண்டிக்கு வரிச்சலுகை உண்டு. 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாறினப்போ இந்த இடைவெளி இன்னும் பெருசாச்சு. நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள இருந்தா 18 சதவீதம். அதைத் தாண்டினா 40 சதவீதம். டிரைபர் நாலு மீட்டருக்கு ஒரு துளி குறைவு, எஞ்சின் 999 சிசி. அதனால 18. எர்டிகா 4.4 மீட்டர், 1462 சிசி. அதனால 40. டிரைபரோட டிக்கி 84 லிட்டர்ல நிக்கறதுக்கும் அதே நாலு மீட்டர்தான் காரணம். மூணு வரிசையை அந்த நீளத்துக்குள்ள அடக்கியாகணும், வெட்டறதுக்கு டிக்கியை விட்டா வேற இடம் இல்ல. சொல்லப்போனா அந்த நீளத்துல மூணு வரிசை வெச்சதே பெரிய வேலை. அந்த வண்டி நம்ம ஒரகடத்துல தயாராகுது.

அடுத்தது தமிழ்நாட்டுக்காரங்க மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம். 2023 நவம்பர்லேர்ந்து இங்க கார் வாழ்நாள் வரி நாலு படியா இருக்கு. 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5லேர்ந்து 10 லட்சம் வரைக்கும் 13, 10லேர்ந்து 20 லட்சம் வரைக்கும் 18, அதுக்கு மேல 20. இதுல 10 லட்சம்ங்கற கோட்டை பாருங்க. 9 லட்சத்து 90 ஆயிரம் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10 லட்சத்து 10 ஆயிரம் வண்டிக்கு 1,81,800. விலை வித்தியாசம் 20 ஆயிரம், வரி வித்தியாசம் 53 ஆயிரத்து சொச்சம். "சார், 20 ஆயிரம்தான் அதிகம், மேல் வேரியண்ட் எடுத்துக்கோங்க, டச் ஸ்கிரீன் பெருசு"ன்னு ஒரு ஷோரூம்ல எங்ககிட்ட சொன்னாங்க. அந்த டச் ஸ்கிரீன் 73 ஆயிரம் ரூபாய். ஏழு சீட் வண்டிகள்ல பல வேரியண்ட் இந்தக் கோட்டுக்கு பக்கத்துலயே இருக்கு, அதனால ஆன்-ரோடு விலையை தாள்ல எழுதி வாங்காம எதையும் முடிவு பண்ணாதீங்க.

அம்மாவும் மூணாவது வரிசையும்

நாங்க எல்லாரும் ஷோரூமுக்கு கிளம்பினோம். அம்மாவை கூட்டிட்டு போக வேணாம், அலைச்சல்னு அப்பா சொன்னார். நல்லவேளை, அக்கா விடல.

அம்மா ரெண்டாவது வரிசையில ஏறி உக்காந்தாங்க, பிரச்சனை இல்ல. சேல்ஸ்மேன் ஆர்வத்துல "அம்மா, பின்னாடியும் ஏறிப் பாருங்க, எவ்வளவு ஈஸி"ன்னார். ரெண்டாவது சீட்டை முன்னாடி தள்ளி மடிச்சார். அம்மா ஒரு காலை உள்ள வெச்சு, குனிஞ்சு, முட்டியை மடக்கி... அங்கயே நின்னுட்டாங்க. முன்னாடியும் போக முடியல, இறங்கவும் முடியல. மாமாவும் நானும் பிடிச்சு இறக்கினோம். முகம் சுண்டிப்போச்சு அவங்களுக்கு. "என்னால உங்களுக்கெல்லாம் தொந்தரவு"ன்னாங்க.

ஆறு வருஷம் இஎம்ஐ கட்டப்போற வண்டியில வீட்ல ஒருத்தரால பாதி வண்டிக்குள்ள ஏறவே முடியாதுன்னு அந்த நிமிஷம் தெரிஞ்சுது. வாங்கினதுக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்போம்?

அதனால யார் எங்க உக்காருவாங்கன்னு முதல்லயே பேசிடுங்க. மூணாவது வரிசை முட்டி நல்லா இருக்கறவங்களுக்கு. குழந்தைகள், என்னை மாதிரி கல்யாணம் ஆகாத தம்பிங்க. அங்க உக்காந்தா முட்டி நெஞ்சு கிட்ட வரும், ஏன்னா சீட்டுக்கும் தரைக்கும் உயரம் கம்மி. அரை மணி நேரம் உக்காந்து பாக்கணும், ஷோரூம்ல ரெண்டு நிமிஷம் பத்தாது. பெரியவங்க ரெண்டாவது வரிசை, இல்லன்னா முன் சீட்.

உங்க வீட்ல ஆறு பேர்தான், அதுல ரெண்டு பேர் வயசானவங்கன்னா, ஆறு சீட் வண்டியை பாருங்க. காரன்ஸ்ல சில வேரியண்ட், மாருதி எக்ஸ்எல்6, இதெல்லாம் ரெண்டாவது வரிசையில தனித்தனி நாற்காலி மாதிரி ரெண்டு சீட்டோட வரும். குழந்தைகள் நடுவுல புகுந்து பின்னாடி போயிடுவாங்க, பாட்டி எழுந்திரிக்கவே வேண்டாம். எங்க பட்ஜெட்டுக்கு அது எட்டல.

குழந்தை சீட்டுல ஒரு சிக்கல் இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. ஐசோஃபிக்ஸ் கொக்கி ரெண்டாவது வரிசையிலதான் இருக்கும். பையனோட சீட்டை அதுல மாட்டிட்டீங்கன்னா அந்தப் பக்க சீட்டை மடிக்க முடியாது. மடிக்க முடியலன்னா அந்தப் பக்கமா பின்னாடி போக வழியில்ல. பையனோட சீட்டை இடது பக்கம் மாட்டினா, மூணாவது வரிசைக்கு போறவங்க ரோடு பக்கமா, பஸ் வர்ற பக்கமா ஏறணும். வலது பக்கம் மாட்டினா, பையனை ஏத்தி இறக்க அக்கா ரோடு பக்கம் நிக்கணும். எது உங்க தெருவுக்கு சரின்னு பாருங்க. நாங்க வலது பக்கம் மாட்டிட்டு, வீட்டு கேட்டுக்குள்ளயே ஏத்தி இறக்கறதுன்னு வெச்சுக்கிட்டோம்.

நட்சத்திரம் யாருக்கு?

கிராஷ் டெஸ்ட் ஸ்டார் பத்தி எல்லாரும் கேப்பீங்க. டிரைபர் 2021ல குளோபல் என்சிஏபில பெரியவங்க பாதுகாப்புக்கு 4 ஸ்டார் வாங்குச்சு. எர்டிகா 2024ல ஆப்பிரிக்காவுக்கான டெஸ்ட்ல 1 ஸ்டார்தான் வாங்குச்சு. இதை நேரா ஒப்பிடாதீங்க, ஏன்னா 2022ல டெஸ்ட் விதிமுறையே கடுமையாச்சு, அதோட அந்த எர்டிகால ரெண்டு ஏர்பேக்தான். 2025லேர்ந்து இங்க எர்டிகா எல்லா வேரியண்ட்லயும் 6 ஏர்பேக் வருது. ஆனாலும் அந்த 1 ஸ்டார் எங்க வீட்ல பெரிய விவாதமாச்சு, மாமா ரெண்டு நாள் தூங்கல. சும்மா மறைச்சுட்டு போற விஷயமில்ல அது.

இதுல கவனிக்க வேண்டியது இன்னொண்ணு. அந்த டெஸ்ட்ல பொம்மைங்களை வெக்கறது முன் சீட்லயும் ரெண்டாவது வரிசையிலயும்தான். மூணாவது வரிசையில யாரும் இல்ல. எத்தனை ஸ்டார் வாங்கினாலும் அது பின்னாடி உக்காந்திருக்கறவரை வெச்சு வாங்கினது இல்ல. மூணாவது வரிசையில தலைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு கைய வெச்சு பாருங்க. ஹெட்ரெஸ்ட் இருக்கா, பெல்ட் தோள் மேல வர்ற மாதிரி இருக்கா, பக்கவாட்டு ஏர்பேக் அந்த ஜன்னல் வரைக்கும் விரியுமான்னு கேளுங்க. பொலேரோ நியோ மாதிரி வண்டியில பின் சீட் பக்கவாட்டுல பாத்து இருக்கும். குழந்தைகளை அதுல உக்கார வெச்சு நெடுஞ்சாலையில போறதுக்கு என்னால ஓகே சொல்ல முடியாது.

ஏழு பேரை இழுக்குமா?

ஆளுக்கு 65 கிலோன்னு போட்டா ஏழு பேர் 455 கிலோ. டிரைபர் வண்டியே ஏறக்குறைய ஒரு டன்தான், எஞ்சின் 72 பிஎஸ். தன் எடையில பாதிக்கு கிட்ட சுமந்துக்கிட்டு, ஏசியும் போட்டுட்டு ஓடணும். சிட்டில பிரச்சனை இல்ல. ரெண்டு வழிச் சாலையில லாரியை ஓவர்டேக் பண்ணும்போதுதான் தெரியும். எர்டிகா பெட்ரோல் 103 பிஎஸ், பரவாயில்ல. டெஸ்ட் டிரைவ்ல சேல்ஸ்மேனோட நீங்க ஒருத்தர் மட்டும் ஓட்டிப் பாக்காதீங்க. வீட்ல எத்தனை பேர் வருவாங்களோ அத்தனை பேரையும் ஏத்துங்க, மதியம் ரெண்டு மணி வெயில்ல, மேம்பாலத்துல ஏறிப் பாருங்க. ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டுதான்னும் கேளுங்க. பின்னாடி உக்காந்திருக்கறவர்கிட்ட ஏசி காத்து வருதான்னு கேளுங்க.

சிஎன்ஜி எர்டிகா எல்லாரும் சொல்வாங்க. கிலோவுக்கு 26 கிலோமீட்டர்னு கம்பெனி சொல்ற கணக்கு. தினமும் நிறைய ஓட்டறவங்களுக்கு சரிதான். ஆனா சிலிண்டர் இருக்கற இடம் அதே டிக்கி. அந்த 209 லிட்டர்லயும் பெரும்பகுதி போயிடும், பவரும் 88 பிஎஸ்ஸா குறையும். ஆறு பேர், நாலு பெட்டின்னு நாங்க போட்ட கணக்கு இதுல அடிபட்டுப் போச்சு, அதனால விட்டோம். எலெக்ட்ரிக்ல காரன்ஸ் கிளாவிஸ் இவி இருக்கு, அது 18 லட்சத்துல ஆரம்பிக்குது. இன்னிக்கு நம்ம பேச்சுல வராது.

பழைய இன்னோவா எடுக்கலாமான்னு அப்பா கேட்டார். இடம், எஞ்சின், சீட், எல்லாத்துலயும் இந்த மூணையும் விட மேல. ஆனா 12 லட்சத்துக்குள்ள வர்ற கிரிஸ்டா நிறைய ஓடின வண்டியாத்தான் இருக்கும். சிலது டாக்சியா ஓடி, மஞ்சள் போர்டுலேர்ந்து வெள்ளைக்கு மாறினது. ஆர்சி வரலாறு, சர்வீஸ் சென்டர் பதிவு ரெண்டையும் பாக்காம தொடாதீங்க.

வாங்கவே வேண்டாமா?

என் கட்சி இதுதான், வீட்ல தனியா நின்னு வாதாடினேன். அஞ்சு சீட் கார் ஒண்ணு 3 லட்சம் கம்மியா கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். அந்த 3 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, அஞ்சு வருஷம்னா இஎம்ஐ 6,228 ரூபாய். வருஷத்துக்கு கிட்டத்தட்ட 75 ஆயிரம். கும்பகோணம் போய் வர 600 கிலோமீட்டர், வாடகை இன்னோவா கிலோமீட்டருக்கு 20 ரூபாய்னா 12 ஆயிரம், டிரைவர் பேட்டா ஒரு ஆயிரம். சொந்த வண்டின்னா பெட்ரோல் மட்டும் ஒரு 4,300 ஆகும். ஆக ஒரு ட்ரிப்புக்கு மிச்சம் 8,700. வருஷத்துக்கு எட்டு ஒம்பது தடவை அந்த மாதிரி போனாத்தான் கணக்கு சரியாகும். விக்கும்போது கொஞ்சம் திரும்ப வரும், அதையும் சேர்த்தா ஏழுன்னு வெச்சுக்கோங்க. வருஷத்துல ரெண்டு தடவை ஊருக்கு போற குடும்பம்னா அஞ்சு சீட் வாங்கிட்டு வாடகை வண்டி எடுங்க. ஆனா சொந்தக்காரர் வெள்ளை போர்டு வண்டியை காசு கொடுத்து எடுக்காதீங்க, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கை விரிச்சிடும்.

இந்தக் கணக்கை வெள்ளைத் தாள்ல எழுதி அப்பாகிட்ட காட்டினேன். அவர் ஃப்ரிட்ஜ்ல இருந்த தாளை எடுத்து என்கிட்ட காட்டினார். அந்த 14 கோட்டுல ஒம்பது, அம்மாவோட பிசியோதெரபிக்கும் அதை ஒட்டி எல்லாரும் அத்தை வீட்டுக்கு போனதும். "இதுக்கெல்லாம் வாடகை வண்டி வருமாடா? முந்தின நாளே சொல்லணும். உங்க அம்மாவுக்கு வலி முந்தின நாள் சொல்லிட்டா வருது?" எனக்கு பதில் இல்ல.

எர்டிகா பெட்ரோல் மேனுவல் எடுத்தோம், 10 லட்சம் கோட்டுக்கு கீழ இருக்கற வேரியண்ட். சின்ன டச் ஸ்கிரீன். மூணாவது வரிசையில வலது பாதி எப்பவும் மடிச்சே இருக்கு, அங்க அம்மாவோட மடக்கு நாற்காலி. இடது பாதியில எங்க பொண்ணு உக்காந்துக்கறா, அது அவளோட ரூமாம், யாரையும் விடறதில்ல. எல்லாரும் ஏறினதுக்கு அப்புறம் டயர் காத்து மட்டும் கூட வெக்கணும், டிரைவர் கதவைத் திறந்தா உள்ள ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல முழு சுமைக்கு எவ்வளவுன்னு தனியா போட்டிருக்கும். நாங்க முதல் ட்ரிப்ல பாக்கல, திண்டிவனம் தாண்டித்தான் ஞாபகம் வந்துச்சு.

போன பொங்கலுக்கு ஏழு பேரும் சேர்ந்து போனோம். பெட்டிக்கு இடம் இல்லாததால மாமா மூணு பெட்டியை முந்தின நாளே பஸ் பார்சல்ல போட்டுட்டார். இந்த தடவை பஸ்ல போனது பெட்டிங்க, நான் இல்ல.